பிரபஞ்சத்தின் அந்த எண் ஏன் இவ்வளவு சின்னது? ‘நாம் இருப்பதால்தான்’ என்பது பதிலாகுமா?

வெறும் வெட்டவெளி. அணு இல்லை, ஒளி இல்லை, ஒண்ணுமே இல்லை. அதுக்கும் ஓர் ஆற்றல் உண்டா?

உண்டு என்கிறது இயற்பியல். அதைக் குறிக்கும் எண்தான் ‘அண்டவியல் மாறிலி’. 1917இல் ஐன்ஸ்டைன் தன் சமன்பாட்டில் இதைச் சேர்த்தார். பிரபஞ்சம் விரிவடைகிறது என்று தெரிந்ததும் கைவிட்டார்.

ஆனால் சிக்கல் தீரவில்லை. குவாண்டம் கொள்கைப்படி தோராயமாகக் கணக்குப் போட்டால், வெற்றிடத்தின் ஆற்றல் நாம் அளந்திருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. எத்தனை மடங்கு? 1 போட்டு, பின்னால் சுமார் 120 பூஜ்யங்கள்!

வைன்பெர்க் போட்ட கணக்கு

1987இல் அமெரிக்க இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க் கேள்வியையே திருப்பிப் போட்டார். இந்த எண் பெரிதாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வாயு ஒன்றுசேர்வதற்குள் பிரபஞ்சம் வேகமாக விரிந்து, எல்லாம் சிதறியிருக்கும். கேலக்ஸி இல்லை, நட்சத்திரம் இல்லை, கேள்வி கேட்க ஆளும் இல்லை. பெரிய மைனஸ் எண்ணாக இருந்தாலோ, உயிர் தோன்றும் முன்பே பிரபஞ்சம் சுருங்கி முடிந்திருக்கும்.

பல பிரபஞ்சங்கள் இருந்து, ஒவ்வொன்றிலும் இந்த எண் வேறுவேறாக இருந்தால்? நாம் பிறக்கக்கூடிய இடத்தில் அது சின்னதாகத்தான் இருக்கும். பாலைவனத்தில் மீன் பிறக்காது. அதனால் எந்த மீனைக் கேட்டாலும் ‘என்னைச் சுத்தி தண்ணிதான்’ என்றே சொல்லும். அதுபோலத்தான் இதுவும். ஆனால், எண் பூஜ்யமாகவே இருக்கணும்னு கட்டாயமில்லை.

1998இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தொலைதூர சூப்பர்நோவாக்களை அளந்து, பிரபஞ்சத்தின் விரிவு வேகமெடுத்துவருவதைக் கண்டன. எண் பூஜ்யமில்லை, வைன்பெர்க்கின் வரம்புக்குள்ளும் இருந்தது. இந்தக் கண்டுபிடிப்புக்கு 2011இல் மூவர் நோபல் பரிசு பெற்றனர்.

விடையா, சமாளிப்பா?

வைன்பெர்க்கின் முதல் வரம்பு, உண்மையான மதிப்பைவிட நூறு மடங்குக்கும் மேல் பெரிது. அதோடு, மற்ற பிரபஞ்சங்களை யாரும் பார்த்ததில்லை. ‘நாம் இருக்கோம், அதனால் இப்படி’ என்று சொல்லிவிட்டால், உண்மையான காரணத்தைத் தேடுவதே நின்றுபோகும் என்பது விமர்சகர்களின் கவலை. இதைவிட நல்ல விளக்கம் கைவசம் இருக்கா என்பது ஆதரவாளர்களின் எதிர்க்கேள்வி.

இதற்கிடையே, அரிசோனாவில் உள்ள ‘டெசி’ கருவியின் 2024, 2025 தரவுகள், டார்க் எனர்ஜி காலப்போக்கில் மாறிவரலாம் என்ற அறிகுறியைக் காட்டின. இது இன்னும் உறுதியாகவில்லை. உறுதியானால், நாம் ‘மாறிலி’ என்று அழைப்பது மாறிலியே அல்ல. அப்போது, கேள்வியையே முதலிலிருந்து கேட்கவேண்டி வரும்.