முறை வைத்துக் காக்கும் அறிவியல்

குற்றாலத்துச் சாரலை ஏந்தக் கையை நீட்டுகிறீர்கள். அந்த உள்ளங்கையை ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய நூறு மியூவான்கள் துளைத்துக்கொண்டு போகின்றன. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதும்போது பிறக்கும் துகள்கள் இவை. கண்ணுக்குத் தெரியாது, தோலுக்கு உறைக்காது. சீசன் முடிந்த பிறகும் இந்தப் பொழிவு ஓய்வதில்லை.

இதே மேற்குத் தொடர்ச்சி மலையில், வடக்கே ஊட்டியில், இவற்றை எண்ணுவதற்கென்றே ஒரு பெரும் கருவி இருக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில், ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளமுள்ள 3,712 குழாய்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. குழாய்க்குள் வாயு, நடுவே மெல்லிய கம்பி, அதில் உயர் மின்னழுத்தம். மியூவான் ஒன்று கடந்தால் வாயு அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்ந்து கம்பியை நோக்கி ஓடும். ஒரு மின்துடிப்பு, ஓர் எண்ணிக்கை. இப்படி நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான்கள் பதிவாகின்றன.

2014 டிசம்பர் 1ஆம் தேதி ஊட்டியின் மேல் இடிமேகம் திரண்டது. சில திசைகளிலிருந்து வந்த மியூவான்கள் மட்டும் 18 நிமிடங்களுக்குச் சுமார் 2 விழுக்காடு குறைந்தன. மியூவான்களுக்கு மின்னூட்டம் உண்டு. மேகத்தின் மின்புலம் அவற்றின் ஆற்றலைக் கூட்டும், குறைக்கும். குறைந்த அளவை வைத்துக் கணக்கிட்டபோது, மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்தது தெரியவந்தது. 2019இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் பேசப்பட்டது.

ஆனால் 3,712 குழாய்களில் 74 சோர்ந்துபோனாலே எண்ணிக்கை 2 விழுக்காடு இறங்கிவிடக்கூடும். காற்றழுத்தம் சற்று ஏறினாலும் மியூவான்கள் குறையும். குறைந்தது வானத்திலா, கருவியிலா? இதற்குப் பதில் சொல்ல, கருவியின் உடல்நிலை ஒவ்வொரு மணி நேரமும் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்காகத்தான் பெரிய இயற்பியல் சோதனைகளில் விஞ்ஞானிகள் ஷிப்ட் பார்க்கிறார்கள். ஜெனீவா அருகே செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தின் சிஎம்எஸ் சோதனை இதற்கு நல்ல உதாரணம். ஒரு நாள் மூன்று ஷிப்டாகப் பிரிகிறது. ஷிப்ட் தலைவர் ஒருவர். மின்னழுத்தத்தையும் குளிரூட்டலையும் கவனிக்க ஒருவர். தரவு தடையின்றிப் பதிவாகிறதா என்று பார்க்க ஒருவர். வரும் வரைபடங்களை வழக்கமான வரைபடங்களோடு ஒப்பிட ஒருவர். புதியவர் முதலில் அனுபவசாலியின் பக்கத்தில் உட்கார்ந்து பழக வேண்டும். நடந்ததெல்லாம் பதிவேட்டில் ஏறும். கைமீறிய கோளாறென்றால் நிபுணரைத் தூக்கத்திலிருந்து எழுப்பலாம், எழுப்பத்தான் வேண்டும்.

சில வேலைகளைக் கண்டம் தாண்டியும் பங்கிட முடிகிறது. ஜெனீவாவில் இரவு 11 மணி ஆகும்போது சிகாகோ அருகேயுள்ள ஃபெர்மி ஆய்வகத்தில் மாலை 4 மணிதான். அங்கிருப்பவர் தரவின் தரத்தைப் பார்த்துக்கொண்டால் ஜெனீவாவில் ஒருவருக்கு இரவு மிச்சம்.

ஷிப்ட் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குற்றாலப் பேரருவியில் சீசன் நேரத்தில் காவலர்கள் முறை மாற்றி நிற்பதும் அதற்காகத்தான். மலைமேல் பெய்த மழை எந்த நிமிடத்தில் வெள்ளமாக இறங்கும் என்று யாராலும் நேரம் குறிக்க முடியாது. வானமும் அப்படித்தான். 2015 ஜூன் 22 அன்று சூரியப் புயல் பூமியைத் தாக்கியபோது கிரேப்ஸ்-3இல் மியூவான் எண்ணிக்கை இரண்டு மணி நேரம் எகிறியது. அந்த நேரத்தில் கருவி முடங்கியிருந்தால், அந்தப் பதிவை எவ்வளவு செலவழித்தாலும் திரும்பப் பெற முடியாது.

பெரும்பாலான ஷிப்டுகளில் எதுவும் நடப்பதில்லை. பதிவேட்டில் 'எல்லாம் சீராக உள்ளது' என்று எழுதிவிட்டு எழுந்து போக வேண்டியதுதான். அந்த வரி வீண் வேலை அல்ல. ஊட்டியின் 18 நிமிடங்கள் அசாதாரணமானவை என்று அடித்துச் சொல்ல முடிந்தது, அதற்கு முந்தைய ஆயிரக்கணக்கான மணி நேரங்கள் சாதாரணமானவை என்பது சரிபார்க்கப்பட்டு இருந்ததால்தான்.