கே.எல்.லுக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு: அறைக்குப் பணம் கட்டுமுன்...

செப்டம்பர் பிறந்துவிட்டால் என் கைப்பேசிக்கு ஓய்வில்லை. பேராக், கெடா பக்கத்து உறவுகள் எல்லாரும் ஒரே செய்தியைத்தான் சொல்வார்கள்: "பிள்ளைக்கு கே.எல்.ல இடம் கிடைச்சிருக்கு. நீ அங்கதானே இருக்க, கொஞ்சம் பார்த்துக்கோ." பார்த்துக்கொண்டதில் நான் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மலாயாப் பல்கலைக்கழகம் போன்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவர்களுக்குப் பெரும்பாலும் விடுதியில் இடம் கிடைத்துவிடும். அங்கே விடுதியைத்தான் 'கோலேஜ்' என்பார்கள். "எந்தக் கோலேஜ்?" என்று யாராவது கேட்டால் படித்த பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லி முழிக்காதீர்கள். இரண்டாம் ஆண்டிலிருந்து நிலைமை வேறு. புறப்பாட நடவடிக்கைகளில் சேர்த்த புள்ளிகளைப் பார்த்துதான் பல இடங்களில் விடுதி தருகிறார்கள். தனியார் கல்லூரிக்கு வருகிறவர்களில் பலருக்கு முதல் நாளிலிருந்தே வாடகை அறைதான்.

அறை தேடும்போது நம் பிள்ளைகள் சந்திக்கும் ஒன்றை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் அறை காலி என்றிருக்கும். அழைத்தால் நன்றாகப் பேசுவார்கள். பெயரைச் சொன்னதும், "ஓ, இப்பத்தான் ஒருத்தர் எடுத்துட்டார்" என்பார்கள். சில விளம்பரங்களில் எந்த இனத்தவருக்கு மட்டும் என்று எழுதியே இருக்கும். வாடகைக் குடியிருப்புக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. பிள்ளைக்கோ அடுத்த வாரமே அறை வேண்டும். அதனால் 'இந்திய மாணவி, ஒருவர்' என்று முதல் குறுஞ்செய்தியிலேயே எழுதிவிடச் சொல்கிறேன். இப்படி எழுத வேண்டியிருப்பது எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் இரண்டு ரயில் மாறிப் போய், வாசலில் நின்று திரும்பி வருகிற பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட நல்ல வழி, படிப்பை முடித்து வெளியேறும் மூத்த மாணவர்களைப் பிடிப்பது. கெரிஞ்சி, பந்தாய் டாலாம் பக்கம் மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கைமாற்றிவிடும் வீடுகள் உண்டு. பல்கலைக்கழக இந்திய மாணவர் அமைப்புகளில் விசாரித்தால் தெரியும்.

என் அண்ணன் மகளின் தோழி ஒருத்தி. சமூக ஊடகத்தில் அழகான அறைப் படம் பார்த்தாள். "நாளைக்கு வேறொருவர் பார்க்க வருகிறார், இன்றே பணம் போட்டால் உனக்குத்தான்" என்றார்களாம். ஊரில் இருந்தபடியே 900 வெள்ளி அனுப்பிவிட்டாள். பெட்டியோடு வந்து இறங்கினால், அந்த வீட்டில் ஒரு குடும்பம் வருடக்கணக்காகக் குடியிருக்கிறது. அப்பா லோரி ஓட்டுகிறார். அவரிடம் சொல்லப் பயந்து, வேறொரு தோழியின் அறையில் தரையில் படுத்துக்கொண்டு, இரண்டு வாரம் மெகி மீயில் ஓட்டியிருக்கிறாள். "அத்தை, இவளோட கொஞ்சம் பேசுங்களேன்" என்று அண்ணன் மகள் அழைத்து வந்தபோதுதான் எனக்கே தெரியும். போலீஸ் புகார் கொடுத்தோம். பணம் வரவில்லை. அப்பாவுக்கு நான்தான் போன் போட்டேன். அவர் திட்டவில்லை. "சாப்பிட்டாளா?" என்றுதான் முதலில் கேட்டார்.

அறையை நேரில் பார்க்காமல் ஒரு காசும் அனுப்பாதீர்கள். ஊரில் இருந்தால் இங்குள்ள யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். பணம் போடச் சொல்லும் வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் 'செமாக் மியூல்' இணையப் பக்கத்தில் தட்டிப் பாருங்கள். அந்த எண்ணின் மீது ஏற்கெனவே புகார் இருந்தால் காட்டும்; காட்டவில்லை என்பதற்காக அது நல்ல கணக்கு என்றும் ஆகிவிடாது. ஏமாந்துவிட்டது தெரிந்தால் அந்த நிமிடமே 997 எண்ணுக்கு அழையுங்கள். இணைய மோசடிகளுக்கான தேசிய மையம் அது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுக்க முடியுமா என்று பார்ப்பார்கள். இரண்டு வாரம் கழித்து அழைத்துப் பயனில்லை.

நேர்மையான வீட்டுக்காரராக இருந்தாலும் தொடக்கத்தில் நிறையப் பணம் வேண்டும். பொதுவாக இரண்டு மாத வைப்புத்தொகை, நீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை. 500 வெள்ளி அறை என்றால் நுழையும்போதே 1,750 வெள்ளி. வாடகை கேட்பவர் வீட்டுக்காரரா, அவரும் வாடகைக்கு எடுத்து மறுவாடகை விடுகிறவரா என்று கேளுங்கள். ரசீது வாங்குங்கள். நுழையும் அன்றே சுவர், மெத்தை, குளியலறைக் குழாய் எல்லாவற்றையும் படம் எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள். வைப்புத்தொகையைத் திரும்ப வாங்கும் நாளில் அந்தப் படங்கள் பேசும்.

பிடிபிடிஎன் கடனை நம்பி முதல் மாதத்தைத் திட்டமிட வேண்டாம். ஒப்பந்தம், ஆவணம் எல்லாம் முடிந்து பணம் கணக்கில் விழ வாரக்கணக்கில் ஆகும். அரசாங்கப் பல்கலைக்கழகம் செல்லும் வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1,500 வெள்ளி முன்பணம் உண்டு. பின்னால் கடனில் கழித்துக்கொள்வார்கள். தகுதி இருக்கிறதா என்று ஊரிலேயே விசாரித்துவிடுங்கள். எப்படியும் இரண்டு மாதச் சாப்பாட்டுக்குக் கையில் வைத்திருப்பது நல்லது.

போக்குவரத்துக்கு மை50 அட்டை போதும். மலேசியர்களுக்கு 50 வெள்ளியில் 30 நாள், ரேப்பிட் கேஎல் ரயில், பேருந்து எல்லாவற்றிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். கேடிஎம் கொமுட்டர் இதில் சேராது. வரைபடத்தில் தெரியும் தூரத்தை மட்டும் நம்பாதீர்கள். 'யுனிவர்சிட்டி' என்று பெயர் வைத்த எல்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் வகுப்புக்கு நடந்து போய்விடலாம் என்று நினைப்பார்கள். நடுவில் கூட்டரசு நெடுஞ்சாலை ஓடுகிறது. பேருந்துதான் பிடிக்க வேண்டும். அறை பார்க்கப் போகும்போது காலை ஏழரை மணிக்கு ஒருமுறை அங்கிருந்து வகுப்புவரை போய்ப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு வளாக உணவகங்களில் 5 வெள்ளிக்குள் ரஹ்மா மெனு கிடைக்கிறதா என்று பாருங்கள். காய்ச்சல் என்றால் அரசாங்க சுகாதார கிளினிக்கில் மருந்தோடு சேர்த்து 1 வெள்ளிதான். மனம் சரியில்லை, வீட்டில் சொல்லவும் முடியவில்லை என்றால் சுகாதார அமைச்சின் 15555 எண் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒன்று. "பணம் இருக்கா?" என்று கேட்டால் பிள்ளை "இருக்கு" என்றுதான் சொல்லும். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட?" என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் புரிந்துகொள்ளலாம்.

வகுப்பு தொடங்கிய கொஞ்ச நாளில் தீபாவளி வந்துவிடும். ஈப்போ, சுங்கை சிப்புட், தைப்பிங் போகிறவர்கள் இடிஎஸ் டிக்கெட்டை விற்பனை திறந்ததுமே எடுத்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் தாசேக் செலாத்தான் பேருந்து நிலையம் இருக்கிறது. பண்டிகைக்கு முந்தைய இரவு நெடுஞ்சாலையில் எத்தனை மணிநேரம் ஆகும் என்பதை மட்டும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.