மாமரத்தில் இன்னொரு பச்சை

குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுப் பின்புறத்து மாமரத்தைப் பார்த்து, கோடையிலும் செழித்து நிற்கிறதே என்பார்கள். செழிப்பில் பாதி மரத்துடையதல்ல, புல்லுருவியுடையது. தடித்த இலை, குழல் குழலாய்ச் செம்மஞ்சள் பூ.

விதைப்பது பூங்கொத்தி என்ற கட்டைவிரல் உயரக் குருவி. பழத்தை விழுங்கினால் விதை பசையோடு வெளியே வரும். உதறினால் விழாது; கொப்பில் தேய்த்துவிட்டுப் பறந்துவிடும். முளைத்த விதை வட்டமாகப் பட்டையை அழுத்திப் பிடிக்கிறது. அதன் நடுவிலிருந்து ஒரு திசு ஆப்புபோல உள்ளே இறங்கி, மரத்தின் நீர்க்குழாய்களோடு சேர்ந்துகொள்கிறது. ஹாஸ்டோரியம் என்பார்கள்.

பங்குனியில் மரம் கழிக்க வந்தவரிடம் புல்லுருவியை மட்டும் எடுத்தால் போதும் என்றேன். "கொப்போட எடுக்கணும் அண்ணாச்சி. தழையை மட்டும் கழிச்சா திரும்பத் துளுத்துரும்" என்றவர், ஒட்டிய இடத்தை அரிவாளால் நெடுகப் பிளந்து காட்டினார். கொப்பு முண்டாக வீங்கியிருந்தது. மாங்கட்டை எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. முண்டுக்கு அந்தப் பக்கம் நுனி சுள்ளியாகக் காய்ந்திருந்தது.

இலை பச்சை என்பதால் புல்லுருவி தன் சர்க்கரையைப் பெரும்பாலும் தானே செய்துகொள்ளும். அதற்கு வேண்டியது தண்ணீரும் அதில் கரைந்த உப்புகளும். இறைக்க மோட்டார் எதற்கு? வெயில் ஏறினால் மாமரம் இலைத்துளைகளை அடைத்து நீரைச் சேமிக்கும். புல்லுருவி அவ்வளவு சிக்கனம் பார்ப்பதில்லை. ஆவியாகி வெளியேற வெளியேற நீர் அந்தப் பக்கமே இழுபடும். சாரல் காலத்தில் மரம் தாங்கிக்கொள்ளும், சித்திரையில்தான் திண்டாட்டம்.

வேலியில் மஞ்சள் நூலாய்ப் படரும் அம்மையார் கூந்தலுக்கு இலையே கிடையாது. சமைத்த சர்க்கரையையும் சேர்த்து எடுக்கும். அதன் முளை தக்காளிச் செடியை வாசனை பிடித்து நெருங்குவதை 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

பூஞ்சைகளில் துரு நோய்ப் பூஞ்சை இந்த உறிஞ்சலையே கண்ணுக்குத் தெரியாத அளவில் செய்கிறது. இலைத்துளை வழியே நுழையும், செல்சுவரைத் துளைக்கும், உள்சவ்வைக் கிழிக்காமல் அதில் பதிந்து உறிஞ்சும். செல் உயிரோடிருந்தால்தானே அதற்குச் சாப்பாடு! 1869இல் இலங்கையில் தலைகாட்டிய காப்பித் துரு அப்படித்தான் தோட்டங்களைக் காலிசெய்து, தேயிலைக்கு வழிவிட்டது.

நாம் நெற்றியில் இட்டுக்கொள்ளும் சந்தனமும் இந்தக் கூட்டம்தான். மண்ணுக்குள் அடுத்த செடியின் வேரைப் பற்றி உறிஞ்சும். மேலே ஒன்றும் தெரியாது. அதனால்தான் நாற்றுப்பண்ணையில் கூடவே துவரை போடுகிறார்கள். சந்தனக் கன்று வாங்கினால், பையில் ஒட்டி நிற்கும் செடியைக் களை என்று பிடுங்கிவிடாதீர்கள்.