கல்நார் கூரையும் குடத்துத் தண்ணீரும்

நார்வேயின் கலங்கரை விளக்கங்களில் பல, கிணறு வெட்ட வழியில்லாத பாறைத் தீவுகளில் நிற்பவை. அங்கிருந்த காவலர்கள் கூரையில் விழுந்த மழையைத் தொட்டியில் பிடித்துக் குடித்தார்கள். கூரை வேய்ந்திருந்தது கல்நார் ஓட்டால். நாம் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற அதே பொருள். அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு 176 கோடி முதல் 7,135 கோடி வரை நாரிழைகள் இருந்தன. 726 காவலர்களை 1960 முதல் 2002 வரை கவனித்ததில், இரைப்பைப் புற்றுநோய் எதிர்பார்த்த அளவைப்போல் 1.6 மடங்கு இருந்தது. குடிக்கத் தொடங்கி 20 ஆண்டு கடந்தவர்களிடம் அது 1.7 மடங்கு. கல்நாரை மூச்சில் இழுத்தால்தான் ஆபத்து, விழுங்கினால் ஒன்றுமில்லை என்பவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டியது இந்தக் கணக்குக்கு.

மறுப்புகள் உண்டு. 726 பேர் சிறிய கூட்டம். அவர்களின் சாப்பாடோ புகைப்பழக்கமோ காரணமாக இருக்கலாம். அமெரிக்காவின் டுலூத் நகரில் 1973-இல் ஏரி நீரில் இழைகள் தெரியவந்த பிறகு நடந்த ஆய்வுகளில் புற்றுநோய் கூடியதாகத் தெளிவாகவில்லை. நியாயமான வாதங்கள்தாம். ஆனால் கல்நார் தரும் நோய் இருபது, முப்பது, நாற்பது ஆண்டு உறங்கிவிட்டு விழிப்பது. அதற்குள் பாதிப் பேர் ஊர் மாறிவிடுவார்கள். ஒரு நகரத்தின் சராசரியில் சிறிய கூடுதல் கரைந்தே போகும். முடிவான சான்று வரும்வரை பொறுப்போம் என்றால், அந்தக் காத்திருப்பின் செலவு குடிப்பவர் வயிற்றுக்குத்தான்.

என் கவலையெல்லாம் மண்ணுக்குள் கிடக்கும் குழாய்களைப் பற்றி. பிளம்பர்கள் ஏ.சி. பைப் என்பது கல்நாரும் சிமென்ட்டும் கலந்து செய்தது. உப்புக் குறைந்த, சற்றே அமிலத்தன்மையுள்ள தண்ணீர் ஓடினால் சிமென்ட்டிலுள்ள சுண்ணாம்பு கரையும். உட்சுவர் இளகி நார் விடுபடும். அந்த இழைக்கு நிறமில்லை, ருசியில்லை, வாசனையில்லை, கொதிக்கவைத்தாலும் போகாது. கூரையாவது கண்ணில் படும்: பழைய ஷீட்டின்மேல் கறுத்த பாசி, முதல் மழையில் தகரத் தாழ்வாரம் வழியே டிரம்முக்குள் இறங்கும் சாம்பல் வண்டல். மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய தமிழ்நாட்டில் ஷீட் கூரைகளுக்கும் பஞ்சமில்லை.

அமெரிக்காவில் 10 மைக்ரானைவிட நீளமான இழைகள் லிட்டருக்கு 70 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. இந்தியக் குடிநீர்த் தரநிலையில் கல்நாருக்கு வரம்பே கிடையாது. வரம்பில்லாத ஒன்றை யாரும் மெனக்கெட்டு அளக்கப்போவதில்லை. முதலில் ஒரு வரம்பு வேண்டும். பழைய ஏ.சி. பைப் உடையும்போதெல்லாம் ஒட்டுப்போடுவதை விட்டுவிட்டு, தூசி கிளம்பாமல் நனைத்து எடுத்து மாற்ற வேண்டும். அதுவரை, ஷீட் கூரையிலிருந்து இறங்கும் மழையைத் தென்னைக்கு விடுங்கள், குடத்தில் பிடிக்காதீர்கள்.