மேலே விமானம், கையில் ஸ்டாப்வாட்ச்

எதிரே வரும் லாரி இரண்டு முறை ஹெட்லைட் அடித்தால் அர்த்தம் எல்லோருக்கும் தெரியும்: முன்னால் போலீஸ் நிற்கிறது. ஸ்பீடு கன்னைப் பார்த்ததும் பறந்து வந்த கார் பூனையாகிவிடும். தாண்டியதும் மறுபடி புலிதான். ஆனால் போலீஸ் தலைக்கு மேலே இருந்தால்?

தமிழர்கள் நிறைய வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இது பழைய கதை. சாலையில் 500 மீட்டர் இடைவெளியில் வெள்ளைக் கோடுகள் போட்டிருப்பார்கள். சிறு விமானத்தில் இருப்பவர், கார் முதல் கோட்டைத் தொட்டதும் ஸ்டாப்வாட்சை அழுத்துவார். அடுத்த கோட்டில் நிறுத்துவார். 18 விநாடி என்றால் 100 கிலோமீட்டர் வேகம், 15 என்றால் 120. உடனே கீழே காத்திருக்கும் ரோந்து வண்டிக்கு வயர்லெஸ்ஸில் தகவல் போகும்.

விமானத்தின் வேகம் இந்தக் கணக்கில் வருவதே இல்லை, கோடுகள் தரையில் இருப்பதால். ரேடார் அப்படியல்ல. தனக்கும் காருக்கும் இடையிலுள்ள வேகத்தைத்தான் அது காட்டும். விமானத்தில் வைத்தால் விமானத்தின் ஓட்டமும் கலந்துவிடும்.

கை அரை விநாடி பிசகினால்? 500 மீட்டருக்கு 18 விநாடி, பதினெட்டரை ஆனால் 100 என்பது 97 ஆகும். அதே வேகத்தை 100 மீட்டரில் அளந்தால் அரை விநாடி தாமதம் 88 என்று காட்டும். கோடுகளைத் தள்ளித் தள்ளிப் போடுவது இதனால்தான்.

ஸ்பெயின் கோடுகளையும் நம்பவில்லை. 2013 முதல் அங்கே ‘பெகாசஸ்’ ஹெலிகாப்டர்கள், சுழலும் கேமராவாலும் லேசர் தூரமானியாலும் காரின் இடத்தைக் கணித்துக்கொண்டே வேகத்தைச் சொல்கின்றன. ஒரு கேமரா காரைத் தொடரும், இன்னொன்று நம்பர் பிளேட்டைப் படிக்கும்.

சென்னைப் போலீஸ் 2023 ஜூனில் அடையாறில் 9 ட்ரோன்களோடு தனிப் பிரிவு தொடங்கியது. நோக்கம் கூட்டத்தைக் கண்காணிப்பது போன்ற வேலைகள். வேகத்துக்கு அபராதம் போடுவதல்ல. அதற்கு ட்ரோனை அனுப்புவதென்றால் படம் மட்டும் போதாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் சேர்ந்த 167ஏ, அபராதம் போடப் பயன்படும் கருவிக்கு அங்கீகாரச் சான்றிதழ் கேட்கிறது. கண்காணிப்பு நடக்கும் இடத்துக்கு முன்பே எச்சரிக்கைப் பலகையும் வேண்டும்.

விமானம் இல்லாமலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சென்னை பைபாஸில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை செல்போனில் நேரம் பார்த்து, 3600ஐ அந்த விநாடிகளால் வகுத்தால் போதும். 60 விநாடி ஆனால் 60. 45 ஆனால் 80. ஓட்டுகிறவர் மட்டும் முயல வேண்டாம்.