போருக்காகப் போட்ட ரயில் பாதை

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டி வூட்டாக் என்றொரு ஆறு ஓடுகிறது. ஆற்றோரம் வைட்ஸன் என்ற சிற்றூர், மேட்டில் ப்ளும்பெர்க். நேர்கோட்டில் அளந்தால் இரண்டு ரயில் நிலையங்களுக்கும் நடுவே 9.6 கிலோமீட்டர்தான். ரயில் போகும் தூரமோ 25.6 கிலோமீட்டர். மலையைச் சுற்றி, பள்ளத்தாக்கைத் தாண்டி, வந்த திசைக்கே திரும்பி ஓடுகிறது பாதை. வரைபடத்தில் பார்த்தால் பன்றிவால் சுருளைப்போல் இருப்பதால் வட்டார மக்கள் ‘சவுஷ்வென்ஸ்லே’ ரயில் என்று செல்லமாகப் பெயர் வைத்துவிட்டார்கள். அரசாங்க ஏடுகளில் இதற்கு வூட்டாக் பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர்.

எந்தப் பயணிக்காக இத்தனை சுற்று? பயணிக்காக அல்ல, பீரங்கிக்காக.

1870-71இல் பிரான்ஸோடு நடந்த போர் ஜெர்மன் ராணுவத் தலைமைக்கு ஒரு பலவீனத்தைக் காட்டிக்கொடுத்தது. ரைன் நதியை ஒட்டி பாடன் அரசு போட்டிருந்த ரயில் பாதை பேசலிலும் ஷாஃப்ஹவுசனிலும் சுவிட்சர்லாந்து மண்ணில் நுழைந்து வெளியே வந்தது. சுவிட்சர்லாந்து நடுநிலை நாடு. சமாதான காலத்தில் அந்த வழியாக யார் வேண்டுமானாலும் போகலாம். போர் மூண்டால் ஒரு சிப்பாய்கூடப் போக முடியாது. உல்ம் கோட்டையிலிருந்து மேல் அல்சாஸுக்குப் படையை அனுப்ப, முழுக்க முழுக்க ஜெர்மன் மண்ணிலேயே ஒரு வழி வேண்டும் என்று தளபதி மோல்ட்கே வற்புறுத்தினார். ஆற்றோரமாக வைட்ஸன் வரைக்கும் 1870களிலேயே சாதாரணக் கிளைப் பாதை வந்திருந்தது. அதற்கு மேல் மலைதான் தடை.

சரக்கு வண்டிக்குக் கொஞ்சம் செங்குத்தான ஏற்றம் இருந்தாலும் பரவாயில்லை, பின்னால் இன்னொரு இன்ஜினைக் கோத்துத் தள்ளிவிடலாம். நீளமான ராணுவ ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவேண்டிய பாதையில் அந்தத் தாமதம் கூடாது. ஆகவே நூறு மீட்டர் ஓடினால் ஒரு மீட்டருக்குமேல் ஏறக்கூடாது என்று விதி வகுத்தார்கள். ஏறவேண்டிய உயரம் 231 மீட்டர். நேராகப் போட்டால் சரிவு அந்த விதியைப்போல் இரண்டரை மடங்கு ஆகிவிடும். ஏற்றத்தைக் குறைக்க ஒரே வழி, தூரத்தைக் கூட்டுவது. 1887இல் வேலை தொடங்கி 1890 மே மாதம் முடிந்தது. இத்தாலியிலிருந்து வந்த கூலியாட்கள் பலர் இதில் உழைத்தார்கள். மூன்றே ஆண்டுகளில் ஆறு சுரங்கங்களும் நான்கு பெரிய பாலங்களும் எழும்பியதை இன்றைக்கு நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

எப்ஃபன்ஹோஃபன் கிராமத்தில், தூரத்தைக் கூட்டும் இந்த உத்தியைக் கண்கூடாகப் பார்க்கலாம். ப்ளும்பெர்க்கிலிருந்து இறங்கும் ரயில் முதலில் இந்த ஊரை எட்டத்திலிருந்தே காட்டுகிறது. பிறகு பள்ளத்தாக்கின் ஓரமாகவே வளைந்துவந்து, 264 மீட்டர் நீள இரும்புப் பாலத்தில் ஊருக்கு மேலேயே கடக்கிறது. கீழே முப்பது மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வீட்டுக் கூரைகள். சற்றுமுன் ஜன்னலில் தெரிந்த ஊர், இப்போது காலடியில். இன்னும் கீழே போனால் ஸ்டொக்ஹால்டே சுரங்கம். 1,700 மீட்டர் நீளமுள்ள இது மலையின் வயிற்றுக்குள்ளேயே வட்டமடிக்கிறது. உள்ளே போன ரயில் வெளிச்சத்துக்கு வரும்போது, நுழைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, ஆனால் வேறு மட்டத்தில் இருக்கும். சுவிஸ் ஆல்ப்ஸில் இப்படிப்பட்ட சுருள் சுரங்கங்கள் சில உண்டு. ஜெர்மனியில் இது ஒன்றுதான்.

இவ்வளவு செலவழித்துப் போட்ட பாதையால் இந்த ஊர்க்காரர்களுக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால் மனம் கனக்கிறது. பத்து கிலோமீட்டர் போக இருபத்தைந்து கிலோமீட்டர் சுற்றவேண்டும். சில ஸ்டேஷன்கள் ஊரைவிட்டு எட்ட இருந்தன. ராணுவ ரயில்கள் ஒதுங்குவதற்கென்று நீளநீளமாய்த் தண்டவாளங்கள் கிடக்க, உள்ளூர் பயணிகள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். 1923இல் மட்டும் ஒரு திடீர் மவுசு வந்தது. பிரெஞ்சுப் படைகள் ஓஃபன்பூர்க் நகரைப் பிடித்துக்கொண்டு ரைன் சமவெளிப் பாதையை மறித்ததால், தொலைதூர எக்ஸ்பிரஸ் வண்டிகள் இந்தக் காட்டு வழியாகத் திரும்பின. 1930களில் ப்ளும்பெர்க்கில் நாஜி அரசு இரும்புச் சுரங்கம் தோண்டியது. சில நூறு பேர் வாழ்ந்த கிராமம் சில வருடங்களில் ஆயிரக்கணக்கானோர் குடியேறிய ஊராகிவிட்டது. வெட்டியெடுத்த தாது ரயிலேறி ஸார் பகுதி உலைகளுக்குப் போனது. 1942இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

1955இல் மலைப்பகுதியில் பயணிகள் ரயிலையும் நிறுத்தினார்கள். கதை அத்தோடு முடிந்திருக்கவேண்டும். பனிப்போர் குறுக்கே வந்தது. ரைன் பாதை குண்டுவீச்சில் அறுந்தால் மாற்றுவழி வேண்டும் என்று 1960களில் நேட்டோ பணத்தில் பாலங்களையும் சுரங்கங்களையும் பழுதுபார்த்தார்கள். அந்தப் போர் வரவில்லை. ஆனால் அந்தச் செலவினால்தான் 1976இல் ரயில்வே இந்தப் பகுதியைக் கைகழுவியபோதும் பாலங்கள் உறுதியாக நின்றன. மறுவருடமே நீராவி ரயில் ஆர்வலர்களும் ப்ளும்பெர்க் நகராட்சியும் கைகோத்து, அருங்காட்சியக ரயிலாக இதை மறுபடி ஓடவைத்தார்கள்.

வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம் வரை வண்டி ஓடுகிறது. குளிர்காலத்தில் சுரங்கங்கள் வௌவால்களுக்கு. அங்கே உறங்குகிறவற்றில் அருகிவரும் இனங்களும் உண்டு என்பதால், குளிர்காலத்தில் ரயில் விடுவதைப் பற்றி வழக்கே நடந்திருக்கிறது. வௌவால்கள் பக்கம் நிற்கத்தான் எனக்குத் தோன்றுகிறது. போருக்குக் குடைந்த பொந்தில் ஓர் உயிரினம் நிம்மதியாகத் தூங்கினால் தூங்கட்டும்.

எனக்குள்ள ஆதங்கம் வேறு. பாதையின் சொந்தக்காரர் இப்போது ப்ளும்பெர்க் நகராட்சி. மக்கள்தொகை சுமார் பத்தாயிரம். நூற்று முப்பது வருடம் தாண்டிய இரும்புப் பாலங்களின் துருவைச் சுரண்டி, வண்ணம் பூசி, ஆணி மாற்றுவதற்கு டிக்கெட் வருமானம் எம்மாத்திரம்? இந்தப் பாதை வேண்டும் என்று கேட்டது பெர்லின். ஊர்க்காரர்கள் கேட்கவில்லை. பாலங்களின் பராமரிப்புச் செலவில் ஒரு நிலையான பங்கை, அந்த ஊர் ஒவ்வொரு முறையும் மனுப்போடாமல், மத்திய அரசே ஆண்டுதோறும் ஏற்றுக்கொள்வதுதான் நியாயம்.