ஜன்னல் மறைப்புக்குச் சரியான அளவு எது? தங்கவயல் வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

கோலார் தங்கவயல்: கோடை நெருங்கும்போது ஜன்னல்களுக்குத் திரைச்சீலை, ரோலர் பிளைண்ட், மூங்கில் தட்டி ஆகியவற்றை வாங்குவோர் அதிகரிப்பது வழக்கம். இவற்றில் பெரும்பாலான தவறுகள் அளவெடுப்பதில்தான் நேர்கின்றன. அரை அங்குலம் கூடினால் பிளைண்ட் ஜன்னல் நிலைக்குள் நுழையாது. ஓர் அங்குலம் குறைந்தால் ஓரத்தில் வெயில் கோடாக விழும். வாடிக்கையாளர் கொடுத்த அளவின்படி வெட்டித் தயாரிக்கப்பட்ட பொருளைக் கடைகள் பொதுவாகத் திரும்பப் பெறுவதில்லை.

கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன் உள்ளிட்ட பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் செலவு சிறியதன்று. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்கு சுரங்கப் பணியைத் தொடங்கிய பிறகு, தமிழ்நாட்டின் வட மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் தொடக்கத்தில் மூங்கில் தட்டிகளால் ஆன குடிசைகளில் வசித்தனர். லைன் வீடுகள் பின்னர் வந்தன. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று தங்கவயல்வாசிகளில் பலர் நாள்தோறும் ரயிலேறி பெங்களூரு சென்று வேலை பார்த்துத் திரும்புகின்றனர். ஒன்றிரண்டு அறைகளே உள்ள வீட்டில் ஒரு ஜன்னல் வழியாக நுழையும் வெப்பம் வீடு முழுவதையும் பாதிக்கும். எனவே ஜன்னல் மறைப்பை ஒரே முறையில் சரியாக வாங்குவது அவசியமாகிறது.

முதலில் திசை, பிறகு அளவு நாடா

ஜன்னல் எத்தனை அடி என்பதற்கு முன், அது எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்படும் வழிகாட்டிகள், வடக்கு நோக்கிய ஜன்னலில் நேரடி வெயில் படாது என்று கூறுவதுண்டு. தங்கவயலுக்கு இது பொருந்தாது.

தங்கவயல் ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் அமைந்துள்ளது. இங்கு ஏப்ரல் 24-ஐ ஒட்டியும், ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. நிழலில்லா நாள் என்று அறிவியல் ஆர்வலர்கள் குறிப்பிடுவது இதைத்தான். இவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம் சாய்ந்திருக்கும். ஆகவே இவ்வூரில் இரு திசை ஜன்னல்களுக்கும் வெயில் மறைப்பு தேவைப்படுகிறது. ஆனால் அளவு வேறுபடுகிறது.

தெற்கிலும் வடக்கிலும் சன்ஷேடு போதும்

4 அடி உயரமுள்ள தெற்கு ஜன்னலை எடுத்துக்கொள்ளலாம். மார்ச், செப்டம்பர் மாதங்களின் மூன்றாவது வாரத்தில் நண்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 77 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது ஜன்னலின் மேல் விளிம்பை ஒட்டி ஓர் அடி மட்டும் நீட்டிய சன்ஷேடே ஜன்னல் முழுவதையும் நிழலில் வைத்துவிடும். டிசம்பர் 21-ஐ ஒட்டிச் சூரியனின் நண்பகல் உயரம் சுமார் 54 பாகையாகக் குறைகிறது. அந்த வெயிலை முழுவதுமாக மறைக்க ஏறத்தாழ 3 அடி நீட்டம் வேண்டும்.

இத்தனை நீட்டம் தேவையில்லை. கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் உள்ள தங்கவயலில் டிசம்பர் மாதக் காலைகள் குளிரானவை. அந்தப் பருவத்தில் வெயில் சிறிது உள்ளே வருவது நன்மையே. ஒன்றரை அடி நீட்டிய சன்ஷேடு டிசம்பரில் ஜன்னலின் மேல்பாதியை மறைத்து, கீழ்ப்பாதியில் வெயிலை அனுமதிக்கும்; மார்ச் முதல் முழு நிழல் தரும்.

வடக்கு ஜன்னலுக்கும் இதே அளவு போதுமானது. ஜூன் 21-ஐ ஒட்டி நண்பகல் சூரியன் வடக்கில் சுமார் 80 பாகை உயரத்தில் நிற்பதால், ஓர் அடிச் சன்ஷேடே 5 அடிக்கு மேல் நிழல் தரும். ஆயினும் காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக வரும் என்பதால், சன்ஷேடு ஜன்னலின் அகலத்தைவிட இருபுறமும் குறைந்தது அரை அடி கூடுதலாக இருக்க வேண்டும்.

பழைய வீடுகளில் தகரமோ பாலிகார்பனேட் தகடோ கொண்டு புதிதாகச் சன்ஷேடு பொருத்துவோர், குறுகிய சந்துகளில் அதன் நீட்டம் வழியை மறிக்காமலும், மழைநீர் எதிர்வீட்டுச் சுவரில் விழாமலும் பார்த்துக்கொள்வது நல்லது.

மேற்கு ஜன்னலின் சிக்கல்

கிழக்கு, மேற்கு ஜன்னல்களில் இந்தக் கணக்கு செல்லாது. ஏப்ரல் மாதத்தில் மாலை 4.30 மணியளவில் சூரியன் மேற்கில் ஏறத்தாழ 30 பாகை உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. 4 அடி ஜன்னலை அந்த வெயிலிலிருந்து சன்ஷேடு மட்டுமே காக்க வேண்டுமானால், அது ஏறத்தாழ 7 அடி நீட்ட வேண்டும். அத்தனை நீளச் சன்ஷேடு நடைமுறையில் சாத்தியமில்லை.

எனவே இத்திசைகளில் மேலிருந்து கீழாகத் தொங்கும் மறைப்பே தேவை. அதை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுவது சிறந்தது. கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த வெயிலைத் திரைச்சீலை மறைத்தாலும், திரை உறிஞ்சிய வெப்பம் அறைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. வெளியே தொங்கும் மூங்கில் தட்டியோ, சுருட்டக்கூடிய வெயில் மறைப்புத் துணியோ வெப்பத்தைக் கண்ணாடிக்கு அப்பால் தடுத்துவிடுகிறது.

மூங்கில் தட்டிக்கு ஜன்னலின் அகலத்துடன் இருபுறமும் 6 அங்குலம் கூட்டிக்கொள்ளலாம். உயரத்தில் மேலே 6 அங்குலமும் கீழே 6 அங்குலமும் கூட்டினால் போதும். சுவருக்கும் தட்டிக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி விட்டால் காற்று மேலெழுந்து வெப்பத்தைக் கொண்டுசெல்லும். காற்றில் அடித்துக்கொள்ளாதிருக்கக் கீழ்முனையைக் கட்ட இரு கொக்கிகள் வேண்டும். வெளியே இடமில்லாதவர்கள் உட்புறத்தில் வெளிர் நிறப் பிளைண்டைப் பயன்படுத்தலாம். அடர் நிறத்தைவிட அது வெயிலை அதிகமாகத் திருப்பி அனுப்பும்.

மூன்று இடங்களில் அளவு

உட்புறப் பிளைண்டுக்கு அளவெடுக்கும்போது ஒரே இடத்தில் அளந்து நிறுத்துவதே பொதுவான தவறு. பழைய கட்டடங்களில் நிலைகள் ஆண்டுகள் செல்லச் செல்லச் சற்றே கோணியிருக்கும். பலமுறை பூசப்பட்ட சுவர்களும் ஒரே சீராக இருப்பதில்லை.

நிலைக்கு உள்ளே பொருத்துவதாயின், அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களில் அளந்து, அவற்றுள் மிகக் குறைந்த அளவைக் கொள்ள வேண்டும். உதாரணமாக மேலே 42, நடுவே 41¾, கீழே 41½ அங்குலம் இருந்தால் 41½ அங்குலமே சரியான அளவு. உயரத்தையும் இடம், நடு, வலம் என மூன்று இடங்களில் அளக்க வேண்டும். ரோலர் பிளைண்டுக்கு இவற்றுள் மிக அதிகமான அளவைக் கொள்ளலாம். கூடுதல் துணி உருளையிலேயே சுருண்டிருக்கும். நிலைக்குள் பிளைண்ட் அமர 2 முதல் 3 அங்குல ஆழம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கிரில்லோ கொசுவலையோ அந்த இடத்தை அடைத்திருந்தால் உள்ளே பொருத்த இயலாது.

கடையில் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு. கொடுக்கப்படும் அளவு ஜன்னல் திறப்பின் அளவா, தயாராகி வர வேண்டிய பிளைண்டின் அளவா என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். திறப்பின் அளவு என்றால், பொருந்துவதற்கான இடைவெளியைத் தயாரிப்பாளர் கழித்துக்கொள்வார். வாடிக்கையாளரும் கழித்து, தயாரிப்பாளரும் கழித்தால் இருபுறமும் வெயில் நுழையும்.

உள்ளேயா, சுவர் மீதா?

நிலை கோணலாக இருந்தாலோ, ஆழம் போதாமலிருந்தாலோ, ஜன்னலுக்கு மேலே சுவரில் பொருத்துவது பாதுகாப்பான தேர்வு. அப்போது அகலத்தில் இருபுறமும் 3 அங்குலம், மேலே 4 அங்குலம், கீழே 3 அங்குலம் கூட்டலாம். 42-க்கு 48 அங்குலம் கொண்ட ஜன்னலுக்கு 48-க்கு 55 அங்குல பிளைண்ட் தேவைப்படும். ஓரங்களில் ஒளி கசிவது பெரிதும் குறையும் என்பதால், இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்குவோருக்கு இதுவே ஏற்றது.

செலவு மட்டும் கூடும். பிளைண்டுகள் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகின்றன. மேற்கண்ட ஜன்னலுக்கு நிலைக்குள் பொருத்தினால் ஏறத்தாழ 14 சதுர அடி. சுவர் மீது பொருத்தினால் 18 சதுர அடிக்குச் சற்று அதிகம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் செலவு. ஜன்னல் கதவு உட்புறமாகத் திறப்பதாயின், பிளைண்டைச் சுருட்டிய நிலையிலும் கதவு இடிக்காத உயரத்தில் பொருத்த வேண்டும்.

துணித் திரைக்கு வேறு கணக்கு

திரைச்சீலையின் அகலத்தை ஜன்னலை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது. திரைக்கம்பியின் நீளத்தை வைத்தே தீர்மானிக்க வேண்டும். 42 அங்குல ஜன்னலுக்கு இருபுறமும் 6 அங்குலம் சேர்த்தால் கம்பி 54 அங்குலம். மடிப்புகள் விழுந்து வெயில் மறைய, துணியின் மொத்த அகலம் கம்பியைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும். ஆயத்தத் திரைகள் பெரும்பாலும் 4 அடி அகலத்தில் கிடைப்பதால் இந்த ஜன்னலுக்கு இரண்டு போதும். நீளத்தில் 5, 7, 9 அடி என மூன்று அளவுகள் வழக்கத்தில் உள்ளன. 4 அடி ஜன்னலுக்கு 5 அடித் திரை பொருந்தும். பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கக்கூடும் என்பதால் 2 அங்குலம் கூடுதலாக வைத்துத் தைப்பது நல்லது.

தூசி, அடுப்பு, குழந்தைகள்

தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட சயனைடு மண்மேடுகள் தங்கவயலில் இன்றும் உள்ளன. காற்று பலமாக வீசும் மாதங்களில் அங்கிருந்து நுண்தூசி வீடுகளுக்குள் பறந்து வருகிறது. ஆகவே இங்கு எளிதில் கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தித் திரை, அல்லது ஈரத்துணியால் துடைக்கக்கூடிய பிளைண்ட் பொருத்தமானது. திரை தரையைத் தொட்டால் தூசியைச் சேர்க்கும். தரையிலிருந்து அரை அங்குலமாவது மேலே நிற்க வேண்டும்.

சமையலும் உறக்கமும் ஒரே அறையில் நடக்கும் வீடுகளில் எரிவாயு அடுப்புக்கு அருகிலுள்ள ஜன்னலில் துணித் திரை தொங்கவிடுவது ஆபத்தானது. அந்த ஜன்னலுக்கு வெளிப்புறச் சன்ஷேடே போதும்.

பிளைண்டின் இழுகயிறு வளையமாகத் தொங்குவது சிறு குழந்தைகளின் கழுத்தில் சிக்கி உயிருக்கே ஊறு விளைவிக்கும். அமெரிக்காவில் இத்தகைய கயிறுகளைக் கட்டுப்படுத்தும் தரவிதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. கயிறில்லாத வகையைத் தேர்ந்தெடுப்பது நலம். இயலாவிட்டால் கயிற்றைச் சுவரில் இறுக்கிப் பொருத்தி, தொட்டிலையும் கட்டிலையும் ஜன்னலிலிருந்து தள்ளிவைக்க வேண்டும்.

எல்லா ஜன்னல்களுக்கும் ஒரே நேரத்தில் மறைப்பு வாங்க இயலாத குடும்பங்கள், மேற்கு ஜன்னலிலிருந்து தொடங்கலாம். நாளின் வெப்பம் உச்சத்தை அடைந்த பிறகும் வெயிலை உள்ளே விடுவது அந்த ஜன்னல்தான். அங்கு வெளிப்புறமாகக் கட்டப்படும் சரியான அளவுள்ள ஒரு மூங்கில் தட்டி, அறைக்குள் தொங்கும் விலையுயர்ந்த திரையைவிட வீட்டைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும்.